வேலி, படலை, உள்வீடு

யாழ்ப்பாணத்துப் பழைய பேச்சிலே 'வீடு' என்ற சொல்லுக்குத் தனியான ஒரு பொருள் இருந்தது. முற்றம், திண்ணை, தாழ்வாரம், அடுக்களை எல்லாம் சேர்ந்த முழுமையை இன்று நாம் வீடு என்கிறோம். என் அம்மம்மாவின் வாயில் அச்சொல் அத்துணை விரிந்ததன்று. "வீட்டுக்குள்ளை கிடக்கிற கடகத்தை எடுத்துக்கொண்டு வா, மோனை" என்று அவர் சொன்னால், யன்னல் ஒன்றும் இல்லாத, தடித்த மண்சுவர்களும் ஒரேயொரு சிறு கதவும் கொண்ட அந்த நடு அறையையே அது குறிக்கும். மனிதர் படுத்தெழும்பியது திண்ணையில், உண்டது தாழ்வாரத்தில், பேசிச் சிரித்தது முற்றத்தில். நெல்லும் ஒடியலும், தாலிக்கொடியும் காணி உறுதியும் மட்டும் அந்த இருட்டறையில் வாழ்ந்தன. குனிந்துதான் அதனுள்ளே நுழையவேண்டும். குனிந்து நுழைபவன் கையில் எதை ஏந்தியிருந்தாலும், உள்ளே நிற்பவனுக்கு அவன் தலையே முதலில் தெரியும்.

வீட்டினுள்ளே ஓர் உறுதியான அறை அமைத்து, ஆபத்து வரும்போது அதனுள் புகுந்து கதவடைத்துக்கொள்வது இன்று மேல்நாடுகளில் ஒரு தனிக் கட்டடக் கலையாக வளர்ந்திருக்கிறது. சுவிற்சர்லாந்து 1963 இல் இயற்றிய சட்டத்தினால், அங்கே வீடுகளின் கீழே பதுங்கறைகள் எழுந்தன. வளைகுடாப் போரில் ஏவுகணைகளைக் கண்ட இஸ்ரேல், 1990களின் தொடக்கத்திலிருந்து புதிய வீடு ஒவ்வொன்றிலும் கொங்கிறீற்றினாலான காப்பறை இருக்கவேண்டும் என்று விதித்தது. செல்வர்கள் கள்ளருக்கு அஞ்சி இரும்புக் கதவிட்ட அறைகளைக் கட்டிக்கொள்கிறார்கள். இச்செய்திகளைப் படிக்கும்போது, நமக்கு இது முற்றிலும் புதிதன்று என்ற எண்ணமே எனக்கு எழுகிறது. காப்பறை என்ற பொருளை நம் குடாநாடு இருமுறை அறிந்திருக்கிறது: ஒருமுறை அம்மம்மாவின் உள்வீடாக; இன்னொருமுறை பங்கராக. இன்று மூன்றாம் முறையாக அதை நாடத் தொடங்கியிருக்கிறோம். ஆகவே முந்திய இரண்டும் நமக்குச் சொல்வது யாது என்று பார்ப்பது வீண் ஆராய்ச்சி ஆகாது.

வளையங்கள்

பழைய யாழ்ப்பாணத்து வளவைக் கள்ளனின் கண்ணால் ஒருமுறை நோக்குங்கள். முதலாவது, ஒழுங்கை. வளைந்து வளைந்து செல்லும் அந்த ஒடுங்கிய பாதையில் அயலூரான் ஒருவன் நுழைந்தால், பத்து வாசல்களுக்கு அவன் பதில் சொல்லவேண்டும். "ஆர் வீட்டை போறியள் தம்பி?" என்ற கேள்வி உபசாரமும் விசாரணையும் ஒருங்கே ஆயது. இரண்டாவது, வேலி. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாக நிற்க, அவற்றோடு பனையோலையோ கிடுகோ வரிந்து கட்டப்பட்டிருக்கும். காய்ந்த ஓலையை ஓசையின்றி விலக்கும் கைகள் இன்னும் பிறக்கவில்லை. ஜப்பானில், கியோத்தோ நகரின் நிஜோ மாளிகையில், காலடி பட்டவுடன் குருவிபோல் கீச்சிடும் பலகைத் தளம் ஒன்று உண்டு. நம் ஓலைவேலியின் சலசலப்பும் அதே வேலையைச் செய்தது. நாம்தான் அதற்குப் பெயரிட்டுப் பெருமை கொள்ளவில்லை.

மூன்றாவது, படலை. வசதி படைத்தோர் அதன்மேல் சிறு கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை கட்டிச் சங்கடப்படலை ஆக்கினார்கள். வழிப்போக்கனுக்கு நிழலும் நீரும் கிடைத்தன. வீட்டுக்காரருக்கு அவன் யார் என்ற சேதி கிடைத்தது. நான்காவது, மணல் முற்றம். காலையிலும் மாலையிலும் விளக்குமாற்றின் கோடுகள் அதன்மேல் வரிவரியாகப் படியும். இரவில் யார் நடந்தாலும் விடியலில் அவன் கால் அங்கே எழுதப்பட்டிருக்கும். ஐந்தாவது, திண்ணை. அங்கே ஒரு பாட்டனார் படுத்திருப்பார். உறக்கம் குறைந்த முதுமையைவிட நல்ல காவல் ஏது? ஆறாவதாகவே உள்வீடு வரும்.

இந்த அமைப்பில் பூட்டுக்கு மிகச் சிறிய இடமே இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். கள்ளனைத் தடுப்பது அதன் முதல் நோக்கம் அன்று. அவன் வருகையை அறிவிப்பதே முதல் நோக்கம். ஒவ்வொரு வளையமும் அவனிடமிருந்து சிறிது நேரத்தைப் பறித்து, வீட்டாரிடம் கொடுத்தது.

வேலியிலே வேறொன்றும் இருந்தது, அதுதான் பொட்டு. இரண்டு வளவுகளுக்கிடையே, ஓலையை விலக்கி ஒருவர் நுழையக்கூடிய சிறு வழி. சுண்டிய கறிக்குச் சிறிது தேங்காய்ப்பால் வேண்டுமா, குழந்தைக்குக் காய்ச்சலா, பொட்டினால் ஒரு குரல் போகும். பொட்டினால் ஓர் ஆள் வரும். எல்லையில் ஒரு கதியால் விலகியது என்று பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறிய அயலவர்களும் இப்பொட்டை அடைக்கத் தயங்கினார்கள். 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, காணி விற்கும்போது உறவினருக்கும் பங்காளருக்கும் அயற்காணிக்காரர் சிலருக்கும் வாங்குவதில் முன்னுரிமை தந்திருந்தது. அயலில் யார் வந்து இருக்கப்போகிறார் என்பது தனிமனிதன் கவலை மட்டும் அன்று என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது.

கன்னக்கோலும் கோட்டையும்

களவும் நமக்குப் புதிதன்று. மதுரைக்காஞ்சியிலே நள்ளிரவில் கரிய உடை தரித்து, நூலேணி கொண்டு திரியும் கள்ளரையும், அவரைத் தேடி மழையிருளிலும் சோராது செல்லும் ஊர்காவலரையும் மாங்குடி மருதனார் காட்டுகிறார். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன், கள்வர் துணையாகக் கொள்வன எட்டு என்று எண்ணிச் சொல்கிறான். அவற்றுள் மந்திரத்தையும் மருந்தையும் விட்டுவிட்டாலும், இடமும் காலமும் கருவியும் இன்றுவரை மாறவில்லை. சுவரில் கன்னம் வைக்கும் கோல் போய் இரும்புப் பாரை வந்தது, அவ்வளவே.

வள்ளுவர் எழுபத்தைந்தாம் அதிகாரத்தை அரணுக்கு ஒதுக்கினார். அரணின் உயர்வையும் அகலத்தையும் உறுதியையும் சொல்லிக்கொண்டே வந்தவர், இறுதியில், எத்தனை மாட்சி இருந்தாலும் செயல்திறம் அற்றவரிடத்தில் அரண் இருந்தும் இல்லாததே என்று முடிக்கிறார். இதற்கு உரைவிளக்கம் வேண்டுவோர் யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் சிறிது நேரம் நின்றால் போதும். 1619 இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை, 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினர். முருகைக்கல்லால் எழுந்த அதன் வெளியரண்கள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் நிறைவெய்தின. ஆனால், 1795 இல் ஆங்கிலேயர் வந்தபோது அக்கோட்டை போரின்றியே கைமாறிற்று.

அதே கோட்டை 1990 ஜூன் முதல் செப்டெம்பர் வரை முற்றுகைக்குள் கிடந்தது. உள்ளே அகப்பட்டிருந்த படையினரும் பொலிஸாரும் மூன்று மாத அளவு வெளியுதவிக்குக் காத்திருந்தார்கள். சுற்றியிருந்த பழைய நகர்ப்பகுதி இடிந்து மண்ணாயிற்று. அரணுக்குள் புகுந்தவன் வெல்வதில்லை, காத்திருக்கிறான். வெளியிலிருந்து ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை உள்ளவரைதான் அது அரண். அந்நம்பிக்கை அற்றால் சிறை. சிறிய வீட்டின் காப்பறைக்கும் இதுவே விதி.

மண்ணுக்குள் ஓர் அறை

இரண்டாவது காப்பறையை நம் தலைமுறை தன் கைகளாலேயே தோண்டிற்று. 1987 இல் வடமராட்சியில் நடந்த படையெடுப்பின்போதும், அதனினும் மிகுதியாக 1990க்குப் பின்னும், பங்கர் இல்லாத வளவு அரிதாயிற்று. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் அரிது, சீமெந்து தடை. ஆயினும் கட்டடக் கலை ஒன்று பிறந்தது. குழி நேராக இருத்தல் ஆகாது. 'ட' எழுத்தைப்போல் மடங்கவேண்டும். குண்டுச் சிதறலும் வெடியின் அதிர்வும் நேர்க்கோட்டிலே பாய்வன. மடக்கு அவற்றைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். மேலே பனங்குற்றிகள், அவற்றின்மேல் மண் மூட்டைகள். சாக்குக் கிடைக்காதபோது தாய்மார் தம் பழைய சேலைகளையே பைகளாகத் தைத்தார்கள். 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோனபின், தண்டவாளங்களும் சிலிப்பர்க்கட்டைகளும் ஊர் ஊராகப் பங்கர்க் கூரைகள் ஆயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் மீண்டும் வந்தபோது, பாதை முழுவதையும் புதிதாகவே அமைக்கவேண்டியிருந்தது.

நிலமும் தன் சொல்லைச் சொன்னது. வலிகாமத்தின் செம்பாட்டு மண் தோண்ட இனியது; ஆனால் சில அடிகளிலேயே சுண்ணக்கல் பாறை மண்வெட்டியைத் தடுக்கும். ஆகவே குழி ஆழங்குறைந்து, கூரை தரைக்குமேல் மேடாக எழுந்தது. கரையோர மணற்பாங்கில் சுவர் சரியும். கல்லோ கட்டையோ கொண்டு அணைகட்டவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் நீர் ஊறும். முழங்கால் நீரில் குழந்தையைத் தோளிற் சுமந்தபடி, மக்கள் 'சகடை' என்று பெயரிட்ட விமானத்தின் உறுமல் தேயும்வரை நின்ற இரவுகள் பலருக்கு நினைவிருக்கும். பாம்பும் தேளும் அங்கே நமக்கு முன்னரே குடிபுகுந்திருக்கும். எனினும், பங்கருக்குள் அயலவர் எல்லோருக்கும் இடம் இருந்தது. யாருடைய வளவில் அது இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. வேலிப்பொட்டு அந்நாட்களில் அகன்று பெருவழி ஆயிற்று.

பங்கருக்கும் எல்லை இருந்ததை மறைத்தல் நேர்மை ஆகாது. 1995 ஜூலை 9 அன்று நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தெய்வத்தின் கூரையும் காப்பறை ஆகவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். போகும்போது பெரும்பாலோர் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டார்கள். 1996 இல் திரும்பியவர்களில் எத்தனையோ பேரின் கையில் அந்தத் திறப்பு இருந்தது. அது பொருந்துவதற்குக் கதவு இருக்கவில்லை. நிலையோடு பெயர்த்துச் சென்றிருந்தார்கள். அதன் பின்னும் சுற்றிவளைப்புக் காலங்களில், நள்ளிரவில் தட்டப்படும் கதவைத் திறக்காமலிருக்கும் உரிமை எவருக்கும் இருக்கவில்லை. பூட்டு என்பது சட்டம் உள்ள ஊரில் மட்டும் பூட்டு. சட்டம் அற்ற ஊரில் அது வெறும் இரும்புத் துண்டு.

மதிலின் காலம்

போர் 2009 இல் முடிந்தது. வேலிகள் மதில்களாயின. ஓலைக்கும் கதியாலுக்கும் ஆள் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்குச் சீமெந்துக் கல் எளிது. ஆறடி, ஏழடி என்று மதில் உயர்கிறது. அதன்மேல் கண்ணாடித் துண்டு, முட்கம்பி. இரும்புப் 'கேற்' முழுவதும் தகடால் மூடப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்க, அவ்வளவு பெரிய மாளிகையில் முதியோர் இருவர், பல இடங்களில் ஒருவர், தனித்திருக்கிறார்கள். நகை உண்டு என்பதை ஊர் அறியும். வந்து பார்க்க ஆள் இல்லை என்பதையும் அறியும்.

எங்கள் அயலிலே அத்தகைய வீடு ஒன்றில் இரவிலே கள்ளர் புகுந்தார்கள். மதிலேறிக் குதித்தவர்கள் அதன்பின் சிறிதும் அவசரப்படவில்லை. ஒழுங்கையில் சென்றவர் எவருக்கும் அவர்கள் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்கு அம்முதியவர்களின் குரல் எட்டவில்லை. ஓலைவேலி கள்ளனைக் காட்டிக்கொடுத்தது. மதிலோ, தன்னைத் தாண்டியவனுக்குத் தானே காவலாய் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அப்பெரியவர் அதன்பின் முன்வாசலில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பதை நான் காணவில்லை.

ஆகவே மதிலை இடியுங்கள் என்று சொல்லப்போவதில்லை. பழைய வளையங்களின் தத்துவத்தைப் புதிய பொருள்களால் நிறைவேற்றலாம் என்பதே என் கருத்து. மதிலின் மேற்பாதியைக் கம்பி வலையாகவோ, கல்லிடைத் துவாரங்களாகவோ அமைத்தால் ஒழுங்கையின் கண் உள்ளே விழும். முற்றத்தில் முழுவதும் சீமெந்து பூசாமல் ஒரு பகுதிக்கேனும் சரளைக்கல் பரப்பினால் காலடி பேசும். ஆள் அசைந்தால் தானே எரியும் விளக்கு, கள்ளன் விரும்பும் இருட்டைப் பறிக்கும். கமரா நடந்ததைப் பதிவுசெய்யும். நடப்பதைத் தடுப்பது அரிது. அதை நம்பி மற்றவற்றை விட்டுவிடுதல் கூடாது.

கதவைப் பற்றி ஒரு சொல். தேக்குப் பலகைக்குப் பெரும்பணம் செலவிடுகிறோம். அதைத் தாங்கும் நிலையையும் பிணைச்சலையும் மறந்துவிடுகிறோம். பாரைக்கு முதலில் இளகுவது பலகை அன்று. நாதாங்கி பொருந்தும் இடமே. நீண்ட திருகாணிகள் நிலையையும் ஊடுருவிச் சுவரைப் பற்றவேண்டும். பின்கதவும் முன்கதவின் உறுதியைப் பெறவேண்டும். அடுப்படிக் கதவு வழியாகக் களவு போன வீடுகள் பல. வாசலில் தொங்கும் ஆமைப்பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று ஊருக்கு அறிவிக்கும் பலகை என்பதையும் நினைவில் வைத்தல் நன்று.

இனிக் காப்பறை. அதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. படுக்கையறை ஒன்றே போதும். கனத்த கதவு, உள்ளிருந்து மட்டும் இடக்கூடிய இரண்டு தாழ்ப்பாள்கள், மின்னேற்றிய கைத்தொலைபேசி, ரோர்ச் விளக்கு, குடிநீர், அன்றாட மருந்து, உரக்க ஒலிக்கும் ஒரு மணி அல்லது ஊதுகுழல். யன்னற் கம்பிகளில் ஒன்று உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். தீப்பிடித்தால் காப்பறை சமாதியாகிவிடும். பொலிஸின் அவசர இலக்கமான 119ஐயும், அயலவர் மூவரின் இலக்கங்களையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவைத்தல் வேண்டும். அச்சத்தில் நினைவு தவறும். நகையும் உறுதியும் அவ்வறையில் இருத்தல் ஆகாது. அவற்றுக்கு வங்கிப் பெட்டகம் உண்டு. உள்வீட்டில் பொன்னை வைத்துத் திண்ணையில் மனிதரைக் கிடத்தினர் நம் முன்னோர். இன்று அது தலைகீழாகவேண்டும்: மனிதர் உள்ளே, பொன் வேறிடத்தே. கதவடைத்தபின் எதை எடுப்பதற்கும் வெளியே வருதல் கூடாது.

இவை எல்லாம் நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவே. அந்த நேரத்துக்குள் ஒருவர் வரவேண்டும். 2011 ஆகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்ற அச்சம் நாட்டின் பல பாகங்களிலும் பரவி இங்கும் வந்தபோது, ஒழுங்கைகளில் இளைஞர் மீண்டும் இரவுக்காவல் நின்றார்கள். நாவாந்துறையில் அது படையினரோடு மோதலாகவும் முடிந்தது. ஒன்றுகூடும் வலிமை நம்மிடம் அழியவில்லை என்பதை அந்நாட்கள் காட்டின. அச்சத்தால் கூடிய கூட்டம் எந்த அந்நியனையும் அடிக்கத் துணியும் என்பதையும் காட்டின. ஊர்க்காவலுக்கு அடி தடி வேண்டியதில்லை. காலையில் எழுந்தவுடன் அயல்வீட்டுக் கதவு திறந்துவிட்டதா என்று பார்க்கும் ஒரு சோடிக் கண்கள் வேண்டும்.

பழைய வேலியைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். அது கள்ளனை மட்டும் தடுத்ததில்லை. படலையோடு நிறுத்தப்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். கிணற்றடிக்கு வர உரிமையற்றவர்கள் இருந்தார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் திறக்க மறுத்த கதவும் அதே வேலியின் நீட்சிதான். உழைக்க வந்தவனை ஊர் அந்நியன் என்றது. அவனுடைய குடிசைக்குக் கள்ளன் வந்தால் யார் ஓடினார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பொட்டு என்பது ஒரே சாதிக் காணிகளுக்கிடையே மட்டும் வைக்கப்பட்ட வழியாக இருந்ததென்றால், அதை அப்படியே மீட்டெடுப்பதில் பெருமை இல்லை. புதிய பொட்டு எல்லா அயலாருக்கும் திறக்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோளுடன் நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் ஒழுங்கையில் தனித்திருக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று இந்த வார முடிவில் எண்ணிப் பாருங்கள். பட்டியலைக் காகிதத்தில் எழுதவேண்டாம். அது கள்ளன் கையிலும் அகப்படும். மனத்தில் வைத்துக்கொண்டு, மாலையில் ஒருவருடைய படலையைத் தட்டி, "எப்படி இருக்கிறியள், அப்பு?" என்று கேட்டு வாருங்கள். நல்ல பூட்டுக்குக் கடையில் விலை உண்டு. இதற்கு விலை இல்லை. பத்து நிமிடம் போதும்.